சும்மா இருக்கிற சர்வர் நல்ல சர்வரா?

"சர்வர்" என்று சொன்னால் எங்கள் அப்பாவுக்கு இன்றைக்கும் ஓட்டலில் இலை போட்டு சாம்பார் ஊற்றுகிறவர்தான் ஞாபகத்துக்கு வருவார். கம்ப்யூட்டர் படிக்கிற எனக்கு அது ஒரு இரும்புப் பெட்டி. இந்த இரண்டு சர்வருக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன செமஸ்டரில் வாங்கிய ஒரு அடிக்குப் பிறகுதான் இரண்டும் ஒரே மாதிரி என்று புரிந்தது. அந்த அடியைப் பற்றியும் அதிலிருந்து எனக்கு வந்த ஒரு கருத்தைப் பற்றியும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

கதை இதுதான். துறையில் ஒரு கோடைப் பயிற்சி. மொத்தம் 60 இடம். முதலில் வருபவருக்கே முன்னுரிமை. பெயர் பதியும் பக்கத்தை எழுதி, அதை ஓட்டும் வேலை எனக்கும் என் இரண்டு நண்பர்களுக்கும் வந்தது. திறந்தவுடன் கூட்டம் அள்ளும் என்று தெரியும். அதனால் கெத்தாக மூன்று சர்வர் போட்டு, அவற்றுக்கு முன்னால் ஒரு லோட் பேலன்சரையும் நிறுத்தினோம். வருகிற வேண்டுகோள்களை மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டியது அதன் பொறுப்பு.

மாலை 5 மணிக்குத் திறந்தோம். இரண்டே நிமிடத்தில் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிழைச் செய்தி. பதறியடித்துக்கொண்டு பதிவேடுகளைப் பார்த்தால், மூன்றில் இரண்டு சர்வர்கள் நன்றாகத்தான் இருந்தன. பெரிதாக வேலையும் இல்லை. மூன்றாவதுக்கு மட்டும் டேட்டாபேஸ் இணைப்பு அறுந்துபோயிருந்தது. சரி, அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு பேருக்குத்தானே பிழை வர வேண்டும்? இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தக் கெட்டுப்போன சர்வருக்கே அனுப்பப்பட்டிருந்தார்கள். அதுவும் லோட் பேலன்சர் தன் வேலையைத் துளிகூடத் தப்பில்லாமல் செய்ததால்!

ஒரு ஜூனியர் தங்கை 14 தடவை அழுத்தியிருக்கிறாள். அடுத்த தடவை உள்ளே போனபோது 60 இடமும் முடிந்துவிட்டது. மறுநாள் காண்டீனில் வந்து கேட்டாள்: "அண்ணா, நான் அஞ்சு மணிக்கே வந்துட்டேனே?" பதில் சொல்லத் தெரியவில்லை. பட்டியலும் மாறவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் கிடைத்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். லோட் பேலன்சிங் என்றால் பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. ரவுண்ட் ராபின், லீஸ்ட் கனெக்ஷன், ஹாஷிங் என்று ஒரு பட்டியல் எழுதினால் முழு மதிப்பெண். அந்தப் பட்டியல் நம்மை ஏமாற்றுகிறது. எப்படிப் பிரிப்பது என்பது அங்கே பெரிய விஷயமே இல்லை. பிரிக்கிறவருக்கு என்ன தெரியும், அது எவ்வளவு பழைய தகவல், அது பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

வாசலில் நிற்கிறவர்

ஓட்டலுக்கே வருவோம். மதியச் சாப்பாட்டு நேரம், பெரிய ஓட்டல். வாசலில் ஒரு சூப்பர்வைசர் நின்றுகொண்டு "ரெண்டு பேரா? அந்தக் கடைசி மேஜைக்குப் போங்க சார்" என்று கை காட்டுவார். அவர்தான் லோட் பேலன்சர். உள்ளே ஆளுக்குச் சில மேஜைகளைப் பார்த்துக்கொள்கிற சர்வர்கள்தான் கணுக்கள். எல்லாம் சேர்ந்தது கிளஸ்டர். வெளியிலிருந்து வருகிறவருக்குத் தெரிவது ஒரே ஒரு பெயர்ப் பலகை.

இணையத்தில் இந்த ஏற்பாடு வந்ததற்குக் காரணம் வெறும் கூட்டம்தான். மொசைக் உலாவியை 1993-ல் வெளியிட்ட அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழக என்சிஎஸ்ஏ மையத்தின் சொந்த வலைத்தளமே கூட்டம் தாங்காமல் திணறியது. ஒரே பெயருக்குப் பின்னால் பல சர்வர்களை வைத்து, டிஎன்எஸ் வழியாக ஒருவருக்கு ஒரு முகவரி, அடுத்தவருக்கு அடுத்த முகவரி என்று சுழற்றிக் கொடுத்தார்கள். 1994-ல் அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார்கள். 1995-ல் வந்த ஆர்எஃப்சி 1794 என்ற ஆவணம், டிஎன்எஸ் மூலம் சுமையைப் பிரிப்பது பற்றியே பேசுகிறது.

டிஎன்எஸ் சுழற்சியில் சூப்பர்வைசர் வாசலில்கூட நிற்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து போனில் "நீங்க ஒண்ணாம் நம்பர் கிளைக்குப் போங்க, நீங்க ரெண்டாம் நம்பருக்குப் போங்க" என்று சொல்கிற ஆள். ஒன்றாம் நம்பர் கிளையில் தீப்பிடித்திருந்தாலும் அவருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, அவர் சொன்ன முகவரியை நடுவில் இருக்கிற டிஎன்எஸ் வழங்கிகள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். ஒரு பெரிய இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கில் அந்த ஒரே பதிலைப் பிடித்துக்கொண்டு ஒரே கிளைக்குப் போய் நிற்பார்கள்.

அதனால்தான் பிரிப்பவரை வாசலுக்கே கொண்டுவந்தார்கள். சீனாவின் வென்சாங் ஜாங் 1998-ல் லினக்ஸ் வர்ச்சுவல் சர்வரைத் தொடங்கினார். பிரான்சின் வில்லி டாரோ எழுதிய ஹெச்ஏபிராக்சி 2001-லும், ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் எழுதிய எஞ்ஜின்எக்ஸ் 2004-லும் வெளிவந்தன. எல்லாம் இலவசம். ஒரு மடிக்கணினியில் நிறுவி விளையாடிப் பார்க்கலாம். நாங்கள் விளையாடியது நிஜ ஆட்களோடு என்பதுதான் தப்பு.

எண்ணிக்கை சமம் என்றால் சுமை சமமா?

ரவுண்ட் ராபின் எளிமையானது. முதல் ஆள் முதல் சர்வருக்கு, இரண்டாம் ஆள் இரண்டாவதுக்கு, மூன்றாம் ஆள் மூன்றாவதுக்கு, மறுபடி முதலுக்கு. பந்தியில் வரிசையாகப் பரிமாறுகிற மாதிரி. பார்க்க ரொம்ப நியாயமாக இருக்கும்.

ஆனால் ஒருவர் ஒரு காபி குடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். இன்னொருவர் குடும்பத்தோடு வந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டு, பீடா போட்டு, பில்லில் இரண்டு ரூபாய்க்குச் சண்டையும் போட்டுவிட்டுப் போவார். இரண்டும் சூப்பர்வைசரின் கணக்கில் "ஒன்று". காபிக்காரர்கள் எல்லாம் ஒரு சர்வருக்கும் குடும்பஸ்தர்கள் எல்லாம் இன்னொரு சர்வருக்கும் போய்ச் சேர்ந்தால், தலை எண்ணிக்கை சமமாகவே இருக்கும். ஒருவர் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் சுவரில் சாய்ந்து நிற்பார்.

"சரி, கொஞ்சம் ஏறுமாறாகப் போனால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்கலாம். கொஞ்சம் கணக்கு போட்டால் தெரியும். இந்தக் கணக்கின் தாத்தா, டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங். எத்தனை அழைப்புக்கு எத்தனை இணைப்பு வேண்டும் என்று யோசித்து 1909-ல் முதல் கட்டுரை எழுதினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் நாம் படிக்கிற வரிசைக் கோட்பாடு.

பாடப்புத்தகத்தில் இருக்கிற மிக எளிய மாதிரியையே எடுத்துக்கொள்வோம். ஒரு சர்வர், ஒரு வரிசை, ஆட்கள் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு வேலைக்குச் சராசரியாக 10 மில்லி செகண்ட். சர்வர் பாதி நேரம் வேலையாக இருந்தால், காத்திருப்பையும் சேர்த்து ஒருவருக்கு ஆகும் நேரம் சராசரி 20 மில்லி செகண்ட். 80 சதவீதம் வேலையாக இருந்தால் 50. 90 சதவீதம் என்றால் 100. 95 என்றால் 200. சுமை கொஞ்சம் ஏறினால் காத்திருப்பு தலைதெறிக்க ஏறுகிறது.

இப்போது இரண்டு சர்வர். இரண்டும் 70 சதவீதம் என்றால் ஒருவருக்குச் சராசரியாக 33 மில்லி செகண்ட். அதே மொத்தச் சுமையை ஒன்றுக்கு 90, இன்னொன்றுக்கு 50 என்று பிரித்தால்? 50-ல் இருப்பவருக்கு 20 ஆகக் குறைகிறது. ஆனால் 90-ல் மாட்டியவர்களுக்கு 100. அங்கே மாட்டியவர்கள்தான் அதிகம் பேர். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 71. இயந்திரமும் அதே, கூட்டமும் அதே, காத்திருப்பு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். பிரிக்கிறவர் கொஞ்சம் சறுக்கினாலே இந்த நிலை.

நிஜத்தில் இது நடந்திருக்கிறது. ஹெரோக்கு என்று ஒரு நிறுவனம். நம் நிரலைக் கொடுத்தால் அவர்களே சர்வர்களில் ஓட்டித் தருவார்கள். 2013 பிப்ரவரியில் அவர்களுடைய வாடிக்கையாளரான ராப் ஜீனியஸ் என்ற தளம் ஒரு குட்டை உடைத்தது. எந்த சர்வர் ஓய்வாக இருக்கிறது என்று பார்த்து வேலை அனுப்புவதாக ஆவணத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றுக்கு அனுப்புகிறீர்கள் என்பதுதான் புகார். ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்யக்கூடிய சர்வர்கள் அவை. பக்கத்திலேயே காலியான சர்வர் இருக்கும்போது, வேலையாக இருக்கிற சர்வரின் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஹெரோக்கு ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

எனக்குப் பிடித்தது அவர்கள் சொன்ன காரணம். ஆரம்பத்தில் வாசலில் நின்று பிரிப்பவர்கள் குறைவு, அதனால் அவர்களுக்கு உள்ளே நடப்பது தெரிந்திருந்தது. தளம் வளர வளர வாசல்கள் கூடின. ஒவ்வொரு வாசல்காரருக்கும் தான் அனுப்பியது மட்டும்தான் தெரியும், பக்கத்து வாசல்காரர் யாரை எங்கே அனுப்பினார் என்று தெரியாது. யாரும் எதையும் உடைக்கவில்லை. பிரிக்கிறவருக்குத் தெரிந்த தகவல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனது, அவ்வளவுதான்.

காலி மேஜை

சரி, அப்படியென்றால் உள்ளே எட்டிப் பார்த்து, எந்த சர்வரிடம் ஆட்கள் குறைவோ அங்கே அனுப்பினால் என்ன? இதுதான் லீஸ்ட் கனெக்ஷன். புத்திசாலித்தனமாகத் தெரிகிறது இல்லையா? நாங்களும் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம். புத்திசாலிகள் ஆயிற்றே, ஹி ஹி.

இப்போது ஓட்டலில் ஒரு சர்வரைக் கற்பனை செய்யுங்கள். யார் வந்து உட்கார்ந்தாலும் "எதுவும் இல்லை சார்" என்று இரண்டு நொடியில் எழுப்பி அனுப்பிவிடுகிறார். அவருடைய மேஜைகள் எப்போதும் காலி. மற்ற இரண்டு பேரும் ஒழுங்காக இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருப்பதால் அவர்கள் மேஜையில் எப்போதும் ஆள் இருக்கிறது. வாசலில் நிற்கும் சூப்பர்வைசர் என்ன செய்வார்? காலி மேஜையைப் பார்த்து "அங்கே போங்க சார்" என்பார். அவர் உடனே கிளப்பிவிடுவார். மறுபடி காலி. மறுபடி அங்கேயே அனுப்புவார்.

எங்களுக்கு நடந்தது அட்சரம் பிசகாமல் இதுதான். நல்ல சர்வர் ஒரு பதிவை முடிக்க சுமார் 200 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டது. டேட்டாபேஸ் இணைப்பு அறுந்த சர்வர் 2 மில்லி செகண்டில் பிழையைத் தூக்கி எறிந்தது. கூட்டம் நிறைய இருக்கும்போது, நல்ல சர்வர் ஒரு ஆளை முடிக்கிற நேரத்தில் கெட்ட சர்வர் நூறு ஆளை "முடித்துவிடும்". இரண்டு நல்லது, ஒரு கெட்டது என்றால் 102 பேரில் 100 பேர் கெட்டதிடம். எங்களுடைய பத்தில் ஒன்பதுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது அல்லவா?

ரவுண்ட் ராபினை வைத்திருந்தால் மூன்றில் ஒருவருக்குத்தான் பிழை வந்திருக்கும். எதுவுமே தெரியாத ஆள், தப்பாகத் தெரிந்த ஆளைவிட மேல் என்கிற நிலை. வேலை இல்லாமல் இருப்பதற்கும் வேலை செய்யாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இணைப்பு எண்ணிக்கையில் தெரியாது.

"இருக்கியாப்பா?"

இதைப் படிக்கிற விவரமானவர்கள் "ஹெல்த் செக் வைக்கலையா?" என்று கேட்பீர்கள். வைத்தோமே! ஐந்து நொடிக்கு ஒரு தடவை லோட் பேலன்சர் ஒவ்வொரு சர்வரின் முகப்புப் பக்கத்தையும் கேட்கும். வந்தால் உயிரோடு இருக்கிறது. அந்த முகப்புப் பக்கம் டேட்டாபேஸைத் தொடுவதே இல்லை. "இருக்கியாப்பா?" என்று கேட்டால் "இருக்கேன் சார்!" என்று கம்பீரமாகப் பதில் வந்தது. சமையல்கட்டுக்குப் போகிற கதவு பூட்டியிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் டேட்டாபேஸ் வரை போய்ச் சோதித்துவிட்டால் சரியா? அதில் இன்னொரு குழி இருக்கிறது. எல்லா சர்வர்களுக்கும் ஒரே டேட்டாபேஸ். அது ஒரு பத்து நொடி தடுமாறினால், எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லும். லோட் பேலன்சர் எல்லாரையும் பட்டியலிலிருந்து தூக்கிவிடும். டேட்டாபேஸே தேவைப்படாத பக்கங்கள்கூடக் கிடைக்காது. சின்னத் தடுமாற்றம் முழு அடைப்பாக மாறிவிடும்.

லிஃப்ட் நிறுவனம் 2016-ல் திறந்த மூலமாக வெளியிட்ட என்வாய் என்ற மென்பொருளில் இதற்கு ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் சர்வர்கள் 50 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டதாகச் சோதனை சொன்னால், என்வாய் அந்தச் சோதனையை நம்புவதை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் பிரித்து அனுப்ப ஆரம்பித்துவிடும். இந்த 50 என்பது மாற்றிக்கொள்ளக்கூடிய அளவுதான். ஊரில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள் என்று ஒருவன் வந்து சொன்னால், முதலில் சொன்னவனைச் சந்தேகப்படு என்கிற புத்தி. தனக்குத் தெரிந்ததை எப்போது நம்பக்கூடாது என்றும் தெரிந்திருப்பது.

நிறையத் தெரிவதைவிடப் புதிதாகத் தெரிவது

தகவல்தான் முக்கியம் என்றால் எல்லா சர்வர்களின் நிலையையும் திரட்டி எல்லா வாசலுக்கும் கொடுத்துவிடலாமே? இதுவும் எனக்கு முதலில் சரியென்றுதான் பட்டது. ஓட்டலுக்குப் பத்து வாசல், பத்து சூப்பர்வைசர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பையன் வந்து எந்த மேஜையில் எத்தனை பேர் என்று ஒரு சீட்டைக் கொடுக்கிறான். சீட்டில் ஏழாம் மேஜைதான் காலி. பத்துப் பேரும் ஏழாம் மேஜைக்கே ஆட்களை அனுப்புவார்கள். அடுத்த சீட்டு வருவதற்குள் அங்கே அடிதடி. அடுத்த சீட்டில் மூன்றாம் மேஜை காலி. மொத்தக் கூட்டமும் இப்போது மூன்றாம் மேஜைக்கு. மந்தை மாதிரி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். தகவல் முழுமையானதுதான், ஆனால் ஐந்து நிமிடம் பழசு.

இதற்குக் கிடைத்த மருந்து என்னை அசத்திவிட்டது. எல்லாரையும் பார்க்காதே. குருட்டாம்போக்கில் இரண்டே இரண்டு சர்வர்களைத் தேர்ந்தெடு. அந்த இரண்டில் யாரிடம் சுமை குறைவோ அவரிடம் அனுப்பு. அவ்வளவுதான்!

அசார், பிராடர், கார்லின், உப்ஃபால் ஆகிய நால்வரும் 1994-ல் இதன் கணக்கைக் காட்டினார்கள். மைக்கேல் மிட்சென்மாக்கர் 1996-ல் பெர்க்லியில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதை வரிசைகளுக்கு விரித்தது. பத்து லட்சம் பந்துகளைப் பத்து லட்சம் கூடைகளில் குருட்டாம்போக்கில் போட்டால், அதிகம் நிறைந்த கூடையில் எட்டு அல்லது ஒன்பது பந்து இருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு கூடைகளை எட்டிப் பார்த்து, குறைவானதில் போட்டால் அதிகபட்சம் நான்கு. நம்பிக்கை இல்லையென்றால் இருபது வரி நிரல் எழுதி ஓட்டிப் பாருங்கள், நானும் ஓட்டிப் பார்த்துத்தான் நம்பினேன். இரண்டுக்குப் பதில் மூன்று கூடை பார்த்தால் கிடைக்கிற கூடுதல் லாபம் கொஞ்சம்தான். பெரிய பாய்ச்சல் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதில் இருக்கிறது. பத்து வாசல்காரர்களும் வெவ்வேறு இரண்டு மேஜைகளைப் பார்ப்பதால் மந்தை ஓட்டமும் இல்லை. எஞ்ஜின்எக்ஸில் இந்த முறை 2018-ல் சேர்க்கப்பட்டது. கணக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

ஆனால் இதுவும் எங்களைக் காப்பாற்றியிருக்காது. இரண்டு பேரை எட்டிப் பார்க்கும்போது அதில் ஒருவர் அந்த "எதுவும் இல்லை" சர்வராக இருந்தால், அவரே ஜெயிப்பார். மூன்று சர்வர் மட்டுமே இருக்கிற இடத்தில் மூன்றில் இரண்டு தடவை அவர் மாட்டுவார். எவ்வளவு நல்ல முறையாக இருந்தாலும் உள்ளே போகிற தகவல் பொய் என்றால் பொய்தான்.

எல்லா மேஜையும் நிறைந்துவிட்டால்?

இதுவரை சொன்னதெல்லாம் எங்கேயாவது இடம் இருக்கும்போது. எங்குமே இடம் இல்லாதபோது பிரிப்பதே ஆபத்தாகிவிடும்.

2009 செப்டம்பர் 1 அன்று ஜிமெயிலின் வலைப்பக்கம் சுமார் 100 நிமிடம் படுத்துவிட்டது. காரணத்தை கூகுளே வெளிப்படையாக எழுதியது. வழக்கமான பராமரிப்புக்காகக் கொஞ்சம் சர்வர்களை நிறுத்தியிருக்கிறார்கள். அது பிரச்சினை இல்லை, எப்போதும் செய்வதுதான். ஆனால் வேண்டுகோள்களைச் சரியான ஜிமெயில் சர்வருக்கு அனுப்பி வைக்கிற வாசல்காரர்களின் சுமை எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடிவிட்டது. சில வாசல்காரர்கள் "என்னால் முடியவில்லை, எனக்கு அனுப்பாதே" என்றார்கள். அவர்கள் சுமை மீதிப் பேர் தலையில் ஏறியது. அதில் இன்னும் சிலர் "முடியவில்லை" என்றார்கள். சில நிமிடங்களில் கிட்டத்தட்ட எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள். ஐமேப், பாப் வழியாக மின்னஞ்சல் எடுத்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அவர்கள் வேறு வாசல் வழியாகப் போனார்கள்.

கூகுள் சொன்ன பாடங்களில் ஒன்று இது: நிறைய வாசல்காரர்கள் ஒரே சமயத்தில் திணறினால், சுமையைப் பக்கத்து ஆள் மேல் தள்ளாமல் எல்லாரும் மெதுவானால் போதும். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு போடலாம். எல்லாருக்கும் சரியில்லை என்றால், லீவு போடுகிற ஒவ்வொருவரும் அடுத்தவரைப் படுக்க வைக்கிறார். "நான் திணறுகிறேன்" என்பது உண்மையான தகவல்தான். பக்கத்து ஆளும் திணறுகிறாரா என்பது தெரியாமல் அதை வைத்து முடிவெடுத்ததுதான் வினையானது.

அந்தத் தங்கைக்குப் பதில்

மறுபடி காண்டீன் கேள்விக்கு வருகிறேன். "அண்ணா, நான் அஞ்சு மணிக்கே வந்துட்டேனே?" ஆமாம், வந்தாள். யார் முதலில் வந்தது என்று எங்கள் அமைப்புக்குத் தெரியவே தெரியாது. எந்தப் பதிவு முதலில் டேட்டாபேஸில் எழுதப்பட்டது என்பது மட்டும்தான் தெரியும். நடுவில் யாரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது லோட் பேலன்சர். முதலில் வருபவருக்கு முன்னுரிமை என்று அறிவித்துவிட்டு, யார் முதல் என்பதைச் சொல்கிற நீதிபதியாக ஒரு போக்குவரத்துக் காவலரை உட்கார வைத்திருக்கிறோம். அவர் என்ன செய்வார் பாவம், வண்டிகளைப் பிரித்துவிடுவதுதான் அவருக்குத் தெரிந்த வேலை.

சர்வர்கள் எல்லாம் நன்றாகவே இருந்திருந்தாலும் இதே அநியாயம் கொஞ்சம் சின்ன அளவில் நடந்திருக்கும். 90 சதவீத சுமையில் இருக்கிற சர்வரில் விழுந்தவர், 50 சதவீதத்தில் இருக்கிற சர்வரில் விழுந்தவரிடம் தோற்றிருப்பார். இடம் குறைவு, நேரமும் குறைவு, வேகமாக வருபவருக்கே என்று நாம் விதி வைக்கும்போது, எல்லாரையும் ஒரே நொடியில் வாசலுக்கு வரச்சொல்லி நாமேதான் அழைக்கிறோம். அந்தக் கூட்டத்தை நாமே உண்டாக்கிவிட்டு, பிறகு அதைச் சமாளிக்கக் கிளஸ்டர் கட்டுகிறோம்.

அடுத்த தடவை ஒரு குளிர்காலப் பயிற்சிக்கு அதே வேலை எங்களிடம் வந்தது (எப்படி நம்பிக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள்). இந்தத் தடவை விதியை மாற்றச் சொல்லிக் கேட்டோம். இரண்டு நாள் திறந்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் பதியலாம், கடைசியில் எல்லார் முன்னிலையிலும் குலுக்கல். ஒரே ஒரு சர்வர் போதுமானதாக இருந்தது. அதுவும் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருந்தது. இந்தத் தடவை நிஜமாகவே வேலை இல்லாமல் :-)

கிளஸ்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடிப் பேர் பயன்படுத்துகிற இடத்தில் ஒரு சர்வரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. என் வகுப்புத் தோழர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை மினி புராஜெக்டுக்குப் படம் வரையும்போது, நடுவில் ஒரு கட்டம் போட்டு லோட் பேலன்சர் என்று எழுதுவதற்கு முன்னால் இதையெல்லாம் யோசியுங்கள். அந்தக் கட்டத்துக்கு சர்வர்களைப் பற்றி என்ன தெரியும்? அது எத்தனை நொடிப் பழசு? வேலை செய்யாத சர்வர் அதன் கண்ணுக்கு ஓய்வாக இருக்கிற சர்வராகத் தெரியுமா? எல்லாரும் முடியாது என்றால் என்ன செய்யும்? இதற்கெல்லாம் பதில் இருந்தால், ரவுண்ட் ராபினா லீஸ்ட் கனெக்ஷனா என்பது தானாகவே முடிவாகிவிடும்.

அந்தத் தங்கை குளிர்காலக் குலுக்கலிலும் பெயர் கொடுத்தாள். வரவில்லை. ஆனால் இந்தத் தடவை யாரிடமும் வந்து எதுவும் கேட்கவில்லை. சீட்டு எடுத்தபோது அவளும் அங்கேதான் நின்றிருந்தாள்.

டிஸ்கி: மேலே போட்ட வரிசைக் கணக்கு மிக எளிய மாதிரிக்கானது. நிஜ சர்வர்களில் எண்கள் மாறும், ஏறுகிற விதம் மாறாது. தப்பு எதுவும் கண்ணில் பட்டால் பின்னூட்டத்தில் திட்டிவிட்டுப் போங்கள், திருத்திக்கொள்கிறேன்.